ஜாஸ் பேஸ் கற்க எது நல்ல வழி: காதால் எடுப்பதா, நொட்டேஷன் வாங்குவதா, செயலியா, ஆசிரியரா?

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களில் சிலர் இப்போது ஜாஸைத் தேடிக் கேட்கிறார்கள். சர்ச்சில் வாசிப்பவர்கள், கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள், வேலை முடிந்து வந்து அறையில் தனியாகப் பழகுபவர்கள் என்று பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பால் சேம்பர்ஸ், ரே பிரவுன் போன்ற ஒரு ஜாஸ் பேஸ் மேதை வாசித்ததை எப்படிக் கற்பது? ரெக்கார்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்வரமாகக் காதால் எடுப்பதா? யாரோ எழுதி அச்சிட்ட நொட்டேஷனை வாங்குவதா? செயலியிடம் கொடுத்துவிடுவதா? நல்ல ஆசிரியராகப் பார்த்துச் சேர்வதா?

எந்த வழியில் போனாலும் ஸ்வரங்கள் கைக்கு வந்துவிடும். அந்த ஸ்வரத்தை அவர் ஏன் அங்கே வைத்தார், எவ்வளவு நேரம் நிறுத்தினார், அடுத்ததற்கு எப்படிப் போனார் என்பது எந்த வழியில் நமக்குள் இறங்குகிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். என் சாய்வு காதின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் விஷயம், நாமாக ஒரு லைன், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் பேஸ் ஸ்வர வரிசை, போட வருகிறதா என்பது. ஜாஸில் பேஸ்காரரின் அன்றாட வேலை வாக்கிங் பேஸ். பார் என்கிற ஒரு தாளக் கட்டத்துக்கு நாலு அடி, அடிக்கு ஒரு ஸ்வரம் என்று பாட்டு முடியும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் இதை யாரும் எழுதித் தருவதில்லை. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பெயர்கள் மட்டும் முன்னால் இருக்கும், ஸ்வரத்தை வாசிப்பவர் அந்த நொடியில் முடிவு செய்வார். சேம்பர்ஸின் ஒரு லைனை அப்படியே ஒப்பிக்க மட்டும் தெரிந்தால், அந்தப் பாட்டைத் தாண்டி அது எங்கேயும் உதவாது.

இரண்டாவது, மேடை. நம் ஊர்க் கச்சேரியில் பாட்டுக்கு முந்தின நிமிடம் பாடகர் திரும்பி, “அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாமுங்களா?” என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிடுவார். பேஸில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. கற்ற லைனை வேறு சுருதிக்குத் தூக்கிப்போக முடிகிறதா என்பது இங்கே ஆடம்பரம் இல்லை, பிழைப்பு.

மூன்றாவது, நேரமும் காசும். இதில் வெளியே தெரியாத செலவுகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## காதால் எடுப்பது

ஜாஸ் வாசித்த பழைய ஆட்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கற்றார்கள். எல்பி ரெக்கார்டை நிமிடத்துக்கு 33 சுற்றிலிருந்து 16க்கு இறக்கிக் கேட்பார்கள். வேகம் பாதியாகும், கூடவே சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கும். சாக்ஸபோன்காரர்களுக்கு அது பெரிய உதவி. ஏற்கெனவே அடியில் இருக்கும் பேஸ் இன்னும் ஒரு ஸ்தாயி இறங்கினால் வெறும் உறுமலாகிவிடும். இன்று ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும், வேகம் மாறாமல் சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்றவும் செய்யும். பேஸ் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வசதிதான் பெரிய வரம். கீழே மங்கலாகக் கேட்ட ஸ்வரம் மேலே ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பேஸின் அடிக் கம்பியில் வரும் ‘ஈ’ ஸ்வரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. நாம் கேட்பதெல்லாம் அதன் மேல் ஸ்தாயி நிழல்கள்தான். சுமாரான ஹெட்போன் இருந்தாலும் போதும்.

காதால் எடுப்பதில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரே ஒரு பாரை எடுத்துக்கொள்வோம். எஃப் சுருதியில் ஒரு ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு பார் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு வடிவம். முதல் பார் எஃப் செவன், அடுத்தது பி ஃபிளாட் செவன். பேஸ் வாசிப்பது எஃப், ஏ, சி, பி, அப்புறம் அடுத்த பாரின் முதல் அடியில் பி ஃபிளாட். முதல் மூன்றும் கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்கள். நாலாவதாக வரும் பி அந்தக் கார்டுக்குச் சொந்தமே இல்லை. தாளில் பார்த்தால் அது இன்னொரு கறுப்புப் புள்ளி. ஹெட்போனில் கேட்டால் வயிற்றில் ஒரு இழுப்பு தெரியும்: போகவேண்டிய இடத்துக்கு அரை ஸ்வரம் மேலே போய் நின்று, அடுத்த அடியில் இறங்குகிறார். அதை வாயால் பாடிப் பார்த்து, கையில் தேடி, கண்டுபிடித்துவிட்டால் பிறகு யாரும் விதி சொல்லித்தர வேண்டாம். அடுத்த கச்சேரியில் எந்தக் கார்டு வந்தாலும் அதன் வாசலில் அரை ஸ்வரம் தள்ளி நிற்கக் கை தானாகப் போகும். பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொன்னாலும் அந்த இழுப்பு மாறாது.

ஸ்வரத்தைவிட அது நிற்கும் நேரம் முக்கியம். சேம்பர்ஸ், ரே பிரவுன் எல்லாம் வாசித்தது டபுள் பேஸ். பெரிய மர உடம்பு, கம்பியைச் சுண்டியதும் ஒலி எழுந்து தானே தேய்ந்துவிடும். நம் கையில் இருப்பது பெரும்பாலும் நாலு கம்பி எலெக்ட்ரிக் பேஸ், அதில் ஸ்வரம் நீண்டுகொண்டே போகும். அதே ஸ்வரங்களை வாசித்தும் ‘அந்த ஃபீல் வரலையே’ என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகினால் கொஞ்சம் கிட்டே வரும். டிரம்ஸில் தாளத்தைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்கும் ரைட் (ride) சிம்பல் தட்டோடு பேஸ் எப்படிப் பொருந்துகிறது, துளி முன்னால் தள்ளுகிறதா, பின்னால் சாய்கிறதா என்பதெல்லாம் காதுக்கு மட்டும் தெரியும் சங்கதிகள்.

“எனக்கு அவ்வளவு ஞானம் இல்லீங்க” என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் ஊர்களில் வள்ளி கும்மி பழகும் இடத்தில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். ஆசிரியர் ஒரு அடி பாடுகிறார், சின்னப் பிள்ளை முதல் பாட்டி வரை வரிசையில் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே கால் மாற்றுகிறார்கள். தாளைப் பார்த்து யாரும் ஆடுவதில்லை. பாட்டும் தாளமும் காது வழியாக உடம்புக்குப் போகிறது. பேஸுக்கும் வரிசை அதேதான்: முதலில் நாலு பார் மட்டும் பலமுறை கேட்க வேண்டும், பிறகு பாட வேண்டும், பாட வந்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். எழுதுவது கடைசி. பலர் முதல் ஸ்வரம் கேட்டதுமே பென்சிலை எடுக்கிறார்கள். அப்போது கவனம் தாளுக்குப் போய்விடுகிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்றுக்கே வாரக்கணக்கில் ஆகலாம். மங்கலான பதிவில் ஸ்தாயி மாறிக் கேட்கும், பியானோவின் இடது கையைப் பேஸ் என்று எடுத்துவிடுவோம். சரியாகக் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் காதும் கெடும். சத்தத்தை ஏற்றுவதற்குப் பதில் இடைவெளி விட்டு மறுநாள் கேளுங்கள், முந்தைய நாள் பிடிபடாதது பல தடவை சட்டென்று பிடிபடும்.

பதிவே காலை வாரும் இடமும் உண்டு. 1959இல் பதிவான, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தில் முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிந்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் பல பத்தாண்டுகள் விற்பனையான எல்பிகளில் அந்தப் பாட்டுகள் சற்றே சுருதி ஏறி ஒலித்தன. 1990களின் மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள். பழைய எல்பியிலிருந்து ஏற்றிய பதிவு கையில் இருந்தால் உங்கள் ட்யூனிங்கோடு சேரவே சேராது. அது உங்கள் காதின் குற்றம் இல்லை.

## அச்சிட்ட நொட்டேஷன் வாங்குவது

ஒரு முழு சுற்றையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது என்பது நொட்டேஷனின் பெரிய பலம். லைன் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்த பாரில் தாழ்வான ஸ்வரத்துக்கு வந்து இளைப்பாறுகிறது என்ற வடிவம் காதுக்கு மெதுவாகத்தான் தெரியும், கண்ணுக்கு உடனே தெரியும். மேதைகளே இந்த வழியை ஒதுக்கவில்லை. ரே பிரவுன், ரான் கார்ட்டர் இருவருமே பேஸ் பயிற்சி நூல்கள் எழுதியிருக்கிறார்கள்.

மறைமுகச் செலவு பல வகை. பேஸ் க்ளெஃப், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை எழுதும் மேற்கத்திய முறை, படிக்கத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அதைக் கற்கும் மாதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகமென்றால் விலையோடு அனுப்பும் செலவும் சேரும். எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் டேப் (tab) தாள்களில் பிழைகள் மலிந்திருக்கும், பல தடவை ஒருவர் பிழையையே இன்னொருவர் நகல் எடுத்திருப்பார். எல்லாவற்றையும்விட, ஸ்விங் என்கிற அந்த ஜாஸ் தாள அசைவு தாளில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு அடி நீளமுள்ள நாலு ஸ்வரங்கள் தாளில் ஒரே மாதிரி நிற்கின்றன, ரெக்கார்டில் அவை நாலும் நாலு மாதிரி. வரையறுத்த சுருதி இல்லாமல் ‘டக்’ என்று மட்டும் ஒலிக்கும் கோஸ்ட் நோட்டுகளைப் பல பதிப்புகள் விட்டே விடுகின்றன.

கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், தேதி குறித்த நிகழ்ச்சிக்கு வாசிக்க வேண்டியவர்களுக்கும் நொட்டேஷன்தான் சரி. மிக வேகமான பாட்டுகளுக்கும் அப்படியே. சேம்பர்ஸ் வில் போட்டு வாசிக்கும் சோலோக்களைக் காதால் எடுப்பது அனுபவசாலிகளையே சோதிக்கும், அங்கே ஒரு நல்ல பதிப்பைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் முதலில் நாலு பாராவது தானே எடுத்துவிட்டு அதன்பின் புத்தகத்தைத் திறப்பவருக்கு, அதே புத்தகம் இரண்டு மடங்கு தரும். தான் எடுத்ததும் அதில் இருப்பதும் எங்கே மாறுகிறது என்று தேடும்போதுதான் காது கூர்மையாகிறது. சில இடங்களில் புத்தகமே தவறாக இருப்பதும் தெரியவரும்.

## செயலியிடம் கொடுப்பது

மொய்சஸ் போன்ற செயலிகள் பாட்டிலிருந்து பேஸை மட்டும் பிரித்துத் தருகின்றன. ஸ்வரங்களைத் தானாக எழுதித் தருகிற மென்பொருள்களும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

பிரித்துத் தருவது நல்ல உதவி. பியானோவின் இடது கையும் கிக் டிரம்மும் பேஸை மறைக்கும் இடத்தில் நாலைந்து நொடி தனியாகக் கேட்டுச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம். அதையே முழுநேரமும் கேட்டால் சிம்பலோடு உள்ள உறவு போய்விடும், பேஸின் அழகில் பாதி அந்த உறவுதான். பிரிக்கும்போது ஒலியின் தொடக்கமும் முடிவும் கொஞ்சம் நசுங்கும் என்பதால், ஸ்வரத்தின் நீளத்தை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தானாக எழுதித் தருவதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஸ்தாயி தவறும், வழுக்கிப் போகும் ஸ்வரத்தை இரண்டாக உடைக்கும், தாளத்தைக் கட்டத்துக்குள் அடைக்கும். அதைத் திருத்த உட்கார்ந்தால் காதால் எடுக்கும் அதே நேரம் ஆகிவிடும். மாதச் சந்தா தனி.

## ஆசிரியரிடம் போவது

கொங்குப் பகுதியில் கிட்டார் ஆசிரியர்கள் நிறைய, பேஸை மட்டும் எடுத்துச் சொல்லித்தருபவர்கள் குறைவு, அதிலும் ஜாஸ் என்றால் தேட வேண்டும். இணையவழியில் வெளிநாட்டு ஆசிரியர் கிடைப்பார், கட்டணம் டாலரில் இருக்கும். நியூயார்க் நமக்கு ஒன்பதரை முதல் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால் வகுப்பு நமக்கு நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ விழலாம். இணைய வகுப்பில் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிப்பது நடக்காது. தாளம் கற்க வேண்டிய இடத்தில் இது சின்னக் குறை இல்லை.

ஆனாலும் ரெக்கார்டால் தர முடியாத ஒன்றை ஆசிரியர் தருவார். உங்கள் வலது கை விரல்கள் மாறி மாறிச் சீராகச் சுண்டுகின்றனவா, மணிக்கட்டு மடங்கி வலிக்கிறதா, மூன்றாவது அடியில் நீங்கள் ஓடுகிறீர்களா என்பதெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். கருவியைத் தொட்டு ஒரு வருடம்கூட ஆகாதவர் முதலில் போக வேண்டியது ஆசிரியரிடம்தான். ஜாஸ் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கை சுத்தமாக இருக்கும் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா அண்ணன் போதும்.

சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “நான் எடுத்துட்டு வந்தா திருத்திக் கொடுப்பீங்களா?” சரி என்பவரிடம் சேருங்கள். எல்லாவற்றையும் அவரே எழுதிக் கொடுத்துவிடுவார் என்றால், நொட்டேஷன் வாங்குவதைத்தான் அதிக விலைக்குச் செய்கிறீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சொந்தமாக லைன் போட | சுருதி மாற்ற | நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| காதால் எடுப்பது | மிக நல்லது | மிக நல்லது | அதிகம் | காதுச் சோர்வு, பொறுமை |
| நொட்டேஷன் | சுமார் | சுமார் | குறைவு | படிக்கக் கற்பது, பதிப்புப் பிழை |
| செயலி | தனியாகப் பலன் இல்லை | தனியாகப் பலன் இல்லை | மிகக் குறைவு, திருத்தினால் அதிகம் | சந்தா, சிதைந்த ஒலி |
| ஆசிரியர் | ஆசிரியரைப் பொறுத்தது | நல்லது | நடுத்தரம் | பயணம், நேர வித்தியாசம் |

## யாரை முதலில் எடுப்பது?

வழியைத் தேர்ந்தவர்கள் அடுத்து தடுமாறுவது இங்கே. என் பதில் பால் சேம்பர்ஸ். 1935இல் பிறந்து 33 வயதிலேயே, 1969இல் இறந்துபோனவர். அதற்குள் மைல்ஸ் டேவிஸ், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இருவரின் முக்கியப் பதிவுகளிலும் வாசித்துவிட்டார். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பாட்டான ‘ஸோ வாட்’டில் மெட்டையே பேஸ்தான் வாசிக்கிறது, மற்றவர்கள் இரண்டு கார்டுகளில் பதில் சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் வெளிச்சத்தில் நிற்கும். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவர்களுக்கு இன்னும் சுலபம். மொத்தம் 32 பார். முதல் 16 பார் இரண்டு கட்டை சுருதியில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள், அடுத்த 8 அரைக் கட்டை ஏறி அதே ஸ்வரங்கள், கடைசி 8 திரும்ப இரண்டு கட்டை. கார்டு அசையாமல் நிற்கும்போது ஒரே ஸ்கேலை வைத்து ஒரு மனிதர் எப்படிச் சலிக்காமல் நடக்கிறார் என்பதை மைல்ஸின் சோலோவுக்கு அடியில் கேட்கலாம்.

ப்ளூஸ் கற்க வேண்டுமென்றால் ரே பிரவுன். ஆஸ்கர் பீட்டர்சன் ட்ரையோ 1962இல் பதிந்த ‘நைட் ட்ரெய்ன்’ ஆல்பத்தில் ‘சி ஜாம் ப்ளூஸ்’ இருக்கிறது. மூன்றே கருவிகள், பேஸ் தெளிவு, சுருதி சி. முதல் முயற்சிக்கு இதைவிட வசதியான பதிவு எனக்குத் தெரியாது.

ரான் கார்ட்டர் இரண்டாம் வருடத்துக்கு. மிக அதிகப் பதிவுகளில் வாசித்த ஜாஸ் பேஸ்காரர் என்று 2015இல் கின்னஸில் இடம்பெற்றவர், எண்ணிக்கை 2,221. 1963 முதல் 1968 வரை மைல்ஸ் குழுவில் அவர் வாசித்தது கார்டு தெளிவாகத் தெரிந்தவருக்கே பிடிபடும். பில் எவன்ஸோடு வாசித்த ஸ்காட் லஃபாரோ வாக்கிங் பேஸை விட்டுப் பியானோவோடு உரையாடப் போய்விடுவார், கேட்டு மகிழுங்கள், எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். எலெக்ட்ரிக் பேஸ் வைத்திருப்பவர்களை முதலில் இழுப்பது ஜாக்கோ பஸ்டோரியஸ்தான். 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் இன்றும் மலைக்க வைக்கிறது. ஆனால் அவர் வாசித்தது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகள்) இல்லாத பேஸ். அந்த வழுக்கல்கள் ஃப்ரெட் பேஸில் அப்படியே வராது. வேகத்தைத் துரத்தும் கைக்கு நடை பிடிபடாமல் போகும் ஆபத்தும் உண்டு.

## உங்கள் நிலைக்கு எது?

கச்சேரி வாசித்துச் சம்பாதிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், காதால் எடுங்கள். ராஜா சார் பாட்டுகளின் பேஸ் லைன்களைக் கேட்டுக் கேட்டே எடுத்த காது உங்களுடையது, பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. எடுத்த நாலு பாரை அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று சுருதிகளில் வாசித்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் கிரேடு தேர்வு இருக்கும் மாணவர் நொட்டேஷனையும் ஆசிரியரையும் பிடித்துக்கொள்ளட்டும். தேர்வு முடிந்த வாரத்திலிருந்து காதுக்கு மாறலாம். கிராமத்திலிருந்து பழகுபவர், பக்கத்தில் ஆசிரியரே இல்லை என்றால், ஆடாசிட்டி, ஒரு ஹெட்போன், ‘சி ஜாம் ப்ளூஸ்’ மூன்றும் போதும். மாதம் ஒரு முறை தான் வாசித்ததை ஃபோனில் பதிந்து, டவுனில் வாசிக்கும் யாராவது ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவருக்கு நேரமே இல்லை என்பார்கள். கருவி தேவைப்படாத பாதி வேலை அந்தப் பஸ்ஸிலேயே முடியும். ‘ஸோ வாட்’டின் தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் மெதுவாக வாசிக்கும் முன்னுரையைத் தாண்டி, பேஸ் மெட்டைப் பிடிக்கும் இடத்திலிருந்து எட்டு பாரை மட்டும் லூப்பில் போடுங்கள். போகும்போது கேளுங்கள், வரும்போது வாய்க்குள் பாடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ரெக்கார்டு இல்லாமல் பாட வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பேஸை எடுத்துத் தேடுங்கள். வரவில்லையென்றால் அடுத்த வாரமும் அதே எட்டு பார்தான்.